ஒன்றரைப் பக்கத்துக்கு ரெண்டரை மார்க்

மாடிப்படில உக்காந்து பசங்க பேசறது கீழ ஹால்ல இருக்கறவங்களுக்குக் கேக்காது, மொட்டை மாடில துணி எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்த விடாம கேக்கும். வேலூர் சத்துவாச்சாரில எங்க வீட்டு மாடிலதான் நான் பிளஸ் ஒன், பிளஸ் டூ ஆர்ட்ஸ் குரூப் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன், வரலாறு மட்டும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஜனவரி ஞாயித்துக்கிழமை, அரையாண்டு லீவு முடிஞ்சி ரெண்டாவது வாரம், பிளஸ் ஒன் பசங்க ஆறு பேருக்கு நானே பேப்பர் செட் பண்ணி மூணு மணி நேரம் முழு டெஸ்ட் வெச்சேன், அடுத்த ஞாயிறு திருத்திக் குடுத்தேன். அந்த ரெண்டு நாளும் படில உக்காந்து அவங்க பேசினத எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. பசங்க பேரு போடல, அவங்க இருக்கற ஏரியா பேராலயே சொல்றேன்.

டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கு நடந்தது எல்லா ஊர்லயும் எல்லா வருஷமும் நடக்கறதுதான். வெளிய வந்ததும் முதல் கேள்வி "எப்படிடா எழுதின?" அதுக்கு யாரும் நல்லா எழுதினேன்னு சொல்ல மாட்டாங்க, கண்ணு பட்டுடும்ங்கற மாதிரி, "ஏதோ எழுதினன்"னுதான் சொல்லுவாங்க. அப்புறம் ஒன் மார்க்க எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா, இதுக்கு ஆ-வா இ-யா, "அய்யய்யோ நான் ஈ போட்டுட்டனே", "போச்சு ஒண்ணு போச்சு"ன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டே வருவாங்க. 1806 வேலூர் புரட்சில, எங்க ஊர்க் கோட்டைல வெள்ளைக்காரங்கள எதுத்து எழுந்த சிப்பாய்ங்க யார சுல்தானா அறிவிச்சாங்கங்கற கேள்விக்கு ரெண்டு பேரு திப்பு சுல்தான்னு போட்டிருந்தாங்க, சேண்பாக்கத்துப் பொண்ணு "திப்பு 1799லயே செத்துட்டாருடா, 1806ல எப்படி வருவாரு, அவரோட மூத்த பையன் ஃபதே ஹைதர்டா"ன்னு சொன்னா, உடனே ரெண்டு பேரும் தலைல கைய வெச்சிக்கிட்டாங்க. என்னதான் நான் பத்து தடவ சொல்லிக் குடுத்திருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்துல அவங்க மனசுல பதிஞ்ச மாதிரி என் கிளாஸ்ல பதிஞ்சதில்ல, அது எனக்கு நல்லாத் தெரியும். தப்பாப் போட்டு, ஒரு மார்க் போச்சேன்னு வயிறு எரிஞ்சி, அதுக்கப்புறம் தெரிஞ்சிக்கற விஷயம் சாகற வரைக்கும் மறக்காது.

அப்புறம் பேச்சு "டஃப்பா ஈசியா"க்கு வந்துச்சி. இங்கதான் நான் துணிய மடிக்கறத நிறுத்திட்டு நின்னேன். காகிதப்பட்டறைப் பையன் "ஈசிதான்டா, எல்லாம் புக் பேக்"ன்னான். ஆர்.என். பாளையத்துப் பொண்ணு "ஈசியா? செம லென்த்தி, எனக்கு கடைசி ரெண்டு அஞ்சு மார்க் எழுத டைமே இல்ல, கை வலிக்குது பாரு"ன்னு விரல நீட்டிக் காட்டினா. ராணிப்பேட்டைப் பையனுக்கு (அவங்க குடும்பம் அப்பதான் ஒரு வருஷமா சத்துவாச்சாரில இருக்காங்க, அப்பாவுக்கு தோல் கம்பெனில வேல, தினம் ராணிப்பேட்டைக்குப் போய் வர்றாரு, பையனயும் ஊர் பேர சொல்லித்தான் எல்லாரும் கூப்டறாங்க) புக் பேக்ல இல்லாம பாடத்துக்கு உள்ளருந்து எடுக்கற இன்டீரியர் கேள்வி நெறைய வந்துட்டுதுன்னு கோவம். சேண்பாக்கத்துப் பொண்ணு மட்டும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறமா "எனக்கு கேள்வி ஈசி, எதெல்லாம் எழுதக் கூடாதுன்னு முடிவு பண்றதுதான் டஃப்பா இருந்துச்சி"ன்னு சொன்னா. மத்தவங்க சிரிச்சாங்க. ஆறு பேரு எழுதினது ஒரே பேப்பர், கஷ்டம் ஆறு விதம். ஒருத்திக்கு கை வேகம், ஒருத்தனுக்கு புக்குல எங்க இருந்து கேக்கறாங்கங்கறது, இவளுக்கு மனசுல இருக்கறத அஞ்சு மார்க் அளவுக்கு வெட்டறது. வரலாறுன்னா மனப்பாடம் பண்ணிக் கக்கறதுதானே, அதுல என்ன ஈசி டஃப்னு சயின்ஸ் குரூப் பசங்க கேப்பாங்க, சொந்தக்காரங்களும் கேப்பாங்க. அவங்கள ஒரு சாயந்திரம் எங்க வீட்டுப் படில உக்கார வெக்கணும்.

பேப்பர் எப்படின்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். எழுத்துத் தேர்வு 90 மார்க், பள்ளிக்கூடத்துல குடுக்கற அகமதிப்பீடு 10. அந்த 90ல ஒன் மார்க் இருபது, ரெண்டு மார்க் ஏழு, மூணு மார்க் ஏழு, அஞ்சு மார்க் ஏழு. மூணு மணி நேரம், அதுக்கு முன்னாடி கேள்வித்தாள படிக்கவும் விவரம் நிரப்பவும் பதினஞ்சு நிமிஷம். அஞ்சு மார்க் ஏழு கேள்விக்கு மட்டும் ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்னா எழுவது நிமிஷம் போயிடும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ளதான் ஒரு சாம்ராஜ்ஜியம் எழுந்து விழணும்.

அன்னைக்கு நான் கேட்ட அஞ்சு மார்க்ல ஒண்ணு, 1806 வேலூர் புரட்சிக்கான காரணங்கள விவரிங்கறது. பத்தாவதுல ஒரு தடவ படிச்சிட்டு வந்து பிளஸ் ஒன்ல திரும்பவும் படிக்கற பாடம். நம்ம ஊர்க் கேள்வி, எல்லாரும் எழுதுவாங்கன்னு தெரிஞ்சேதான் போட்டேன். என் கீ-ல, அதாவது விடைக்குறிப்புல, அஞ்சு பாயின்ட், ஒண்ணுக்கு ஒரு மார்க்: புது ராணுவ விதிகள், நெத்தில மதக் குறி கூடாது தாடிய எடுக்கணும்ங்கற உத்தரவு, தோல் குஞ்சம் வெச்ச புதுத் தலைப்பாகை, கோட்டைக்குள்ள வெச்சிருந்த திப்புவோட குடும்பம், ஆட்சியையும் நிலத்தையும் இழந்தவங்களோட அதிருப்தி. அவ்ளோதான்.

காகிதப்பட்டறைப் பையன் பேப்பர் பாக்கறதுக்கே கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். கறுப்புப் பேனால சைட் ஹெட்டிங், நீலப் பேனால பதில், ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் நடுவுல ஒரு வரி இடம், ஸ்கேல் வெச்சி அடிக்கோடு. பாயின்ட் அஞ்சும் இருந்துச்சி, டக்கு டக்குன்னு அஞ்சு டிக், அஞ்சு மார்க். எனக்கு அரை நிமிஷம் ஆகல. சேண்பாக்கத்துப் பொண்ணு பேப்பர் ஒன்றரைப் பக்கம், ஹெட்டிங் கிடையாது, பாரா பிரிக்கல, நடுவுல ரெண்டு எடத்துல அடிச்சி எழுதியிருந்தா. ராத்திரி பதினோரு மணி, இன்னும் நாலு பேப்பர் பாக்கி, நான் தலைப்பாகைய தேடினேன் இருந்துச்சி ஒரு டிக், நெத்திக் குறி தாடி இருந்துச்சி ஒரு டிக், விதிகள்னு தனியா இல்ல அரை, திப்பு குடும்பத்தக் காணோம், அதிருப்தியக் காணோம், ரெண்டரைன்னு ஓரத்துல போட்டு வட்டம் போட்டுட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு பேப்பர் குடுத்ததும் வழக்கம் போல படிக்குப் போயிட்டாங்க. டெஸ்ட் எழுதின அன்னைக்குப் பேசறது ஒரு மாதிரி, பேப்பர் வந்த அன்னைக்குப் பேசறது வேற மாதிரி. இப்ப ரெண்டு பேப்பர பக்கத்துல பக்கத்துல வெச்சி வரி வரியா ஒத்துப் பாப்பாங்க, உனக்கு இதுக்கு எவ்ளோ எனக்கு எவ்ளோ, அதே வரிதானே ரெண்டு பேரும் எழுதியிருக்கோம் உனக்கு மட்டும் எப்படி அரை மார்க் ஜாஸ்தி. நான் மாடில தண்ணி டேங்க் வால்வ மூடிக்கிட்டு இருந்தேன். ஆர்.என். பாளையத்துப் பொண்ணு சேண்பாக்கத்துக்காரி பேப்பர வாங்கி முழுசா படிச்சிருக்கா போல, கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "ஏய் இது சூப்பரா இருக்குடி, இதுக்கு இன்னா ரெண்டரை?"ன்னு கேட்டா. அதுக்கு அவ சொன்னது, "மிஸ் படிக்கலடி. டிக் போட்ட எடத்த மட்டும்தான் பாத்திருக்காங்க, மீதி எடத்துல பேனா பட்ட அடையாளமே இல்ல பாரு."

குரல்ல கோவம் இல்ல. மழை வரும் போலன்னு சொல்ற மாதிரி சொன்னா. அதுதான் என்னால தாங்க முடியல.

அன்னைக்கு சாயந்திரம் அந்தப் பேப்பர திரும்ப வாங்கி வெச்சேன். ஏ ஃபோர் தாள், ஓட்ட போட்டு வெள்ள நூலால ரெண்டு முடிச்சு, அதுல ஒரு முடிச்சு அவுந்து மறுபடி கட்டின மாதிரி இருந்துச்சி. சாப்ட்டு முடிச்சி, டிவி சத்தம் அடங்கினதுக்கப்புறம் முதல் வரிலருந்து படிச்சேன். "1805 நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது. நெற்றியில் இருப்பதை அழி, தாடியை எடு, தோல் வைத்த தொப்பியைப் போடு என்று ஒரே உத்தரவில் எல்லோருடைய முகத்தையும் தொட்டுவிட்டார்கள்"னு ஆரம்பிச்சிருந்தா. அப்புறம் அந்தத் தலைப்பாகைய எப்படிப் பாத்தா வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருந்துச்சி, அதப் போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா சொந்த சனம் என்ன நெனைக்கும், இவன மதம் மாத்திட்டாங்கன்னு பேசாதான்னு ஒரு அரைப் பக்கம். அதுக்கப்புறம் மே மாசம் வேலூர்லயே தலைப்பாகைய போட மாட்டோம்னு சொன்ன சிப்பாய்ங்க கதை, அதுல ரெண்டு பேருக்குக் கசையடியும் குடுத்து வேலையவிட்டும் அனுப்பினத எழுதிட்டு, இப்படி முடிச்சிருந்தா: "ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அடித்தவர்கள் இருவரையும் பிரிக்கவில்லை. அதனால் பார்த்தவர்களும் பிரியவில்லை. ஜூலை 10 அன்று நடந்தது மே மாதமே முடிவாகிவிட்டது."

நான் எம்.ஏ. வரலாறு, அதுக்கு மேல பி.எட்., எட்டு வருஷமா இந்தப் பாடத்த நடத்தறேன், காரணம் ஒண்ணு, காரணம் ரெண்டுன்னு போர்டுல எழுதிப் போட்டே பழகிட்டேன். ஒரு காரணம் இன்னொரு காரணத்தோட எப்படி ஒட்டிக்குதுன்னு பதினாறு வயசுப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கா, நான் அதுக்கு வெளிய நின்னு டிக் போட எடம் தேடியிருக்கேன். திப்பு குடும்பத்த அவ எழுதலங்கறது உண்மைதான், அது கொற தான். ஆனா அடிச்ச அந்த ரெண்டு எடத்தயும் ஸ்கேல் வெச்சி கோடு போட்டு நீட்டா அடிச்சிட்டு மேல திருத்தி எழுதியிருந்தா, அதுல ஒண்ணுல மொதல்ல "கோபம்"னு எழுதி அடிச்சிட்டு "அவமானம்"னு மாத்தியிருந்தா. நேரம் போய்க்கிட்டே இருக்கற பரீட்சைல நிறுத்தி அந்த ஒரு வார்த்தைய மாத்தியிருக்கா பாருங்க. அந்த எடத்துலயும் என் பேனா படல.

இந்த இடத்துல கீ மேல பழி போட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. பொதுத்தேர்வுக்கு விடைக்குறிப்பு ஏன் வேணும்னா, குடியாத்தத்துல எழுதின பிள்ளையோட பேப்பரும் கன்னியாகுமரில எழுதின பிள்ளையோட பேப்பரும் எந்தத் திருத்தற முகாம்ல யார் கைக்குப் போவும்னு தெரியாது, காலைல திருத்தறவங்களுக்கும் மத்தியானம் அசந்து போயி திருத்தறவங்களுக்கும் ஒரே அளவுகோல் வேணும், இல்லன்னா கையெழுத்து அழகா இருக்கற பிள்ளைக்கும் இங்கிலீஷ் வார்த்த ரெண்டு கலந்து எழுதற பிள்ளைக்கும்தான் மார்க் போவும். சேண்பாக்கத்துப் பொண்ணோட அப்பா நேதாஜி மார்க்கெட்ல மூட்ட தூக்கறாரு, அவ கையெழுத்து சுமாருதான், அந்தக் கீ அவளக் காப்பாத்தவும்தான் இருக்கு. ரிசல்ட் வந்ததுக்கப்புறம் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டல், மறுமதிப்பீடுன்னு போறப்ப கையில பிடிச்சி நிக்கறதுக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு இருக்கற ஒரே கொம்பு அந்தக் கீ-தான். இதெல்லாம் சரி. ஆனா என் வீட்டு மாடில ஆறே ஆறு பேப்பர், எனக்கு யாரும் நேரம் வெக்கல, ஒரு நாளைக்கு இத்தன கட்டுன்னு யாரும் கணக்கு கேக்கல. எனக்கு என்ன அவசரம்?

நான் பிளஸ் டூ எழுதினப்ப வரலாறு 200 மார்க், மொத்தம் 1200. பரீட்சை முடிஞ்சி நானும் என் ஃபிரண்டும் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கோட்டை ஓரமாவே நடந்து வருவோம், அகழித் தண்ணி பச்சையா நிக்கும், எங்க பேச்சு முழுக்க "எத்தன அடிஷனல் ஷீட் வாங்கின?" அவ ஏழு வாங்கினான்னா எனக்கு வயித்த கலக்கும், நான் அஞ்சுதானே வாங்கினேன்னு. இடது பக்கம் நிஜமான கோட்டை நிக்குது, 1806ல அந்த மதில் மேலருந்து சுட்டிருக்காங்க, நாங்க அதத் தாண்டித் தாண்டி நடந்து போயிட்டு ஷீட் எண்ணிக்கிட்டு இருந்தோம். அந்த மதிலப் பாத்து ஒரு கேள்வி கேக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல, எங்களுக்கும் தோணல. எந்தப் பேப்பர்ல எனக்கு எவ்ளோ வந்துச்சின்னு இப்பவும் ஞாபகம் இருக்கு, அதுல என்ன எழுதினேன்னு ஒரு வரி ஞாபகம் இல்ல.

ராணிப்பேட்டைப் பையன் விஷயமும் இருக்கு, அது சின்னதுதான் ஆனா விடக் கூடாது. ரெண்டு மார்க் கேள்வில பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி எங்கருந்து வந்து புரட்சிய அடக்கினாருன்னு கேட்டிருந்தேன். என் கீ-ல ஆற்காடு. இவன் ராணிப்பேட்டைன்னு எழுதினான், நான் அரை மார்க் வெட்டினேன். படில உக்காந்து இவன் சண்ட போட்டான் பாருங்க, "டேய் எங்க ஊருடா அது, பாலாத்துக்கு இந்தப் பக்கம் டவுன் ஆற்காடு, பட்டாளம் இருந்தது அந்தப் பக்கம் ராணிப்பேட்டைல, குதிரப் படையெல்லாம் அங்கதான் இருந்துச்சி, எங்க தாத்தா சொல்லியிருக்காரு"ன்னு. காகிதப்பட்டறைப் பையன் "கைடுல ஆற்காடுன்னுதான் இருக்கு, மிஸ் கிட்ட கேளு"ன்னான். அவன் வந்து கேட்டான். அவன் சொன்னது சரி. அந்தக் காலத்துல ஆற்காடு கன்டோன்மென்ட்னு சொன்னது ஆத்துக்கு அந்தாண்ட இருக்கற ராணிப்பேட்டைதான், 19வது குதிரப்படை அங்கருந்துதான் கெளம்பி வேலூருக்கு வந்துச்சி. ஆற்காடுன்னு எழுதினவனும் சரி, ராணிப்பேட்டைன்னு எழுதினவனும் சரி. 2019ல ராணிப்பேட்ட தனி மாவட்டமாவே ஆயிடுச்சி, அந்த ஊர்லருந்து வந்த பிள்ளகிட்ட போயி உன் ஊர் பேரு தப்புன்னு செவப்பு மையில எழுதியிருக்கேன். அவன் எதிர்லயே அந்த அரை மார்க்க சேத்துப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

சேண்பாக்கத்துப் பொண்ணு விஷயம் அப்படி ஒரு கையெழுத்துல முடியற மாதிரி இல்ல. இப்ப அவளுக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு போட்டா, அவ மார்ச்ல பொதுத்தேர்வுலயும் (அப்ப பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு இருந்துச்சி) இதே மாதிரி எழுதுவா. அங்க எதிர்ல உக்காந்திருக்கறவங்க கைல என் கீ மாதிரியே ஒரு கீ இருக்கும், அவங்களும் ராத்திரி பதினோரு மணி நானா இருப்பாங்க. ரெண்டரையே வெச்சா, அடுத்த தடவ அவ "அவமானம்"ங்கற வார்த்தைய தேட மாட்டா, அஞ்சு ஹெட்டிங் எழுதிட்டுப் போயிடுவா. ரெண்டுமே அவளுக்குக் கெடுதல். ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க அம்மாகிட்ட சொன்னப்ப, "ரெண்டு மார்க்கும் போடேன், யாரு வேணாம்னா"ன்னு கத்திரிக்கா நறுக்கிக்கிட்டே சொன்னாங்க. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா, காம்புல முள்ளு குத்தாம பிடிக்கணும்னு கண்ணு அதுலயே இருந்துச்சி, என்னைய நிமுந்துகூட பாக்கல.

அப்படியே செஞ்சேன். அடுத்த வாரம் எல்லா பேப்பர்லயும் அந்தக் கேள்விக்கு ரெண்டு மார்க். செவப்புல ஒண்ணு, முகாம்ல உனக்கு என்ன விழும்ங்கறது. பென்சில்ல ஒண்ணு, உன் பதிலப் படிச்சிட்டு நான் போடறது. சேண்பாக்கத்துப் பொண்ணுக்கு செவப்பு ரெண்டரை அப்படியே, பென்சில் நாலரை, திப்பு குடும்பத்த விட்டதுக்கு அரை வெட்டினேன். காகிதப்பட்டறைப் பையனுக்கு செவப்பு அஞ்சு, பென்சில் மூணு. அவன் முகம் சுருங்கிப் போச்சு. அவன் எந்தத் தப்பும் பண்ணல, நான் என்ன சொல்லிக் குடுத்தேனோ அத அப்படியே எழுதினான், அதனால அவனப் பக்கத்துல உக்கார வெச்சி "உன் அஞ்சு பாயின்ட்டும் சரி, ஆனா இதுல நாலாவது எடுத்துட்டா மீதி நாலுக்கு ஏதாவது ஆவுதா பாரு"ன்னு கேட்டேன். அவன் ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஒண்ணும் ஆவல மிஸ், தனித்தனியா நிக்குது"ன்னான். புத்திசாலிப் பையன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

அதுக்கப்புறம்தான் ஒரு ஞாயிறு டெஸ்ட் வேணாம், கோட்டைக்குப் போலாம்னு அவங்களே கேட்டாங்க. எல்லாருக்கும் சின்ன வயசுலருந்து தெரிஞ்ச எடம்தான், மியூசியத்துக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கும் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அந்தக் கோயில்ல 1981லதான் திரும்ப லிங்கம் வெச்சாங்க, அதுக்கு முன்னாடி சாமி இல்லாத வெறும் மண்டபமா எங்க அம்மா பாத்திருக்காங்க. கோயிலு, சர்ச்சு, மசூதி மூணும் ஒரே மதிலுக்குள்ள. நாங்க மதிலுக்கு மேல ஏறினோம். ஆர்.என். பாளையத்துப் பொண்ணு கேட்டா, "மிஸ், தாடிய எடுன்னு சொன்னப்ப கோவம் வந்ததா, நெத்தில இருக்கறத அழின்னு சொன்னப்ப கோவம் வந்ததா, எது முதல்ல?" சேண்பாக்கத்துப் பொண்ணு "அதான் நான் எழுதினன், ரெண்டும் ஒரே பேப்பர்ல வந்துச்சி"ன்னா. காகிதப்பட்டறைப் பையன் அப்ப ஒரு கேள்வி கேட்டான், எனக்கு உடம்பு சிலிர்த்துச்சி. "அப்போ திப்பு குடும்பம் இங்க இல்லாம இருந்திருந்தா சிப்பாய்ங்க விடியக்காலைல கொடிய ஏத்தியிருக்க மாட்டாங்க இல்ல? சண்டை மட்டும் நடந்திருக்கும், ராஜான்னு சொல்ல ஆள் இருந்திருக்காது." அவனோட நாலாவது பாயின்ட். தனியா நின்னுகிட்டு இருந்தது போயி மத்ததோட சேந்துக்கிச்சி, அவனே சேத்தான்.

ராணிப்பேட்டைப் பையன் கிழக்குப் பக்கம் பாத்துட்டு இங்கருந்து எங்க ஊரு இருபத்தஞ்சு கிலோமீட்டர், குதிரைல எவ்ளோ நேரம் ஆவும்னு கணக்கு போட்டான். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச சண்ட, சேதி ராணிப்பேட்டைக்குப் போயி, குதிரப்படை காலைலயே கோட்டை வாசலுக்கு வந்துட்டுது. கயித்தப் பிடிச்சி மதில் மேல ஏறித்தான் கில்லெஸ்பி உள்ள போனாரு, அப்புறம் பீரங்கி வெச்சி கதவ ஒடச்சாங்க. உள்ள மாட்டினவங்கள என்ன பண்ணாங்கங்கறத நான் அங்க நின்னு சொன்னேன், சுவத்துல நிக்க வெச்சி சுட்டத. ஒருத்தரும் பேசல. திப்பு பசங்கள கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க, கவர்னர் பென்டிங்க்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டனுக்குத் திரும்பக் கூப்ட்டுக்கிட்டாங்க, அந்தத் தலைப்பாகை உத்தரவயும் வாபஸ் வாங்கிட்டாங்க. "வாபஸ் வாங்கிட்டாங்களா?"ன்னு சேண்பாக்கத்துப் பொண்ணு கேட்டா. ஆமான்னேன். "அத ஏன் மிஸ் காரணம், விளைவுன்னு ரெண்டு கேள்வியா கேக்கறாங்க, அது ஒரே கேள்விதானே"ன்னா. திரும்பி வர்றப்ப மக்கான் கிட்ட புரட்சி நினைவுத்தூண் பக்கத்துல பஸ்ஸுக்கு நின்னோம், வருஷா வருஷம் ஜூலை 10 அன்னைக்கு அங்க மாலை போடுவாங்க, மத்த நாள்ல டிராஃபிக்குக்கு நடுவுல தனியா நிக்கும். ஆறு பேரும் அத சுத்தி வந்து படிச்சாங்க. நான் எட்டு வருஷத்துல ஒரு பிள்ளயயும் அங்க கூட்டிட்டு வந்ததில்ல.

பிப்ரவரில அவங்க ஸ்கூல்ல ரெண்டாவது திருப்புதல் தேர்வு. மத்தியானம் வெயில் ஆரம்பிச்சிடுச்சி, அப்டியே ஸ்கூல் யூனிஃபார்மோட நேரா இங்க வந்துட்டாங்க, படில உக்காந்து கேள்வித்தாள விரிச்சி வெச்சிக்கிட்டு வழக்கமான பேச்சு, ஆ-வா இ-யா, லென்த்தி, கை வலி. வேலூர் புரட்சி அஞ்சு மார்க்ல வந்திருந்துச்சி. நான் இந்தத் தடவ மாடிக்குப் போகல, மோர் டம்ளர எடுத்துக்கிட்டு அவங்க கூடவே ஒரு படில உக்காந்தேன்.

"நீ எப்படி எழுதின?"ன்னு காகிதப்பட்டறைப் பையன் சேண்பாக்கத்துப் பொண்ணக் கேட்டான்.

"அஞ்சு ஹெட்டிங் போட்டன், ஸ்கேல் வெச்சி கோடு போட்டன். திப்பு குடும்பமும் எழுதிட்டன். கடைசில அந்த ரெண்டு சிப்பாய மூணு வரி எழுதினன். நீ?"

"நானும் எழுதினன். ஒரு வரிதான். அதுக்கு மார்க் விழாதுல்ல?"

"செவப்புல விழாது"ன்னா அவ.

ராணிப்பேட்டைப் பையன் மோர குடிச்சிட்டு டம்ளர கீழ வெச்சான். "நான் ஆற்காடுன்னு போடல மிஸ். ஆற்காடு கன்டோன்மென்ட், அதாவது பாலாற்றுக்கு வடகரையில் உள்ள ராணிப்பேட்டைன்னு முழுசா எழுதிட்டு வந்தன். வெட்டட்டும் பாக்கலாம்."